இரட்டைக் குழந்தைகளுக்குச் சுகப்பிரசவம் ஆகுமா? லேபர் வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் லேபர் வார்டில் பல வருஷமாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஸ்கேன் அறையிலிருந்து "ரெட்டை" என்ற செய்தியோடு வெளியே வரும் குடும்பத்தின் முகத்தில் பாதி சந்தோஷமும் பாதி பயமும் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், நார்மல் ஆகுமா?" என்று கேட்பார். அவர்களுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வார்டில் நேரம் கிடைப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் சொல்வதே முடிவு. அவரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

இரட்டை என்றாலே ஆபரேஷன்தானா?

இல்லை. கர்ப்பப்பை வாய்க்கு அருகில் இருக்கும் குழந்தையைத்தான் முதல் குழந்தை என்கிறோம். அதன் தலை கீழே இருந்து, 32 வாரம் தாண்டி, வேறு சிக்கலும் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிடலாம்.

இதைப் பற்றிப் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. 25 நாடுகளில், சுமார் 2,800 தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. எல்லோருக்குமே முதல் குழந்தையின் தலை கீழே. பாதிப் பேருக்கு முன்கூட்டியே சிசேரியன் என்று முடிவு செய்தார்கள், மீதிப் பேருக்குச் சுகப்பிரசவத்துக்கு முயன்றார்கள். குழந்தை இறப்பது அல்லது கடுமையாகப் பாதிக்கப்படுவது சிசேரியன் பக்கம் 2.2 சதவீதம், சுகப்பிரசவப் பக்கம் 1.9 சதவீதம். அதாவது, வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. பிரான்ஸில் சுமார் 5,900 பேரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வும், சுகப்பிரசவத்துக்கு முயல்வதால் குழந்தைகளுக்குக் கூடுதல் கெடுதல் இல்லை என்றுதான் சொன்னது.

இதில் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த 25 நாட்டு ஆய்வில், சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களிலேயே கிட்டத்தட்ட 44 சதவீதம் பேருக்குக் கடைசியில் சிசேரியன்தான் ஆனது. இரட்டைக்கு "நார்மல் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அது வாக்குறுதி கிடையாது.

யாருக்கு நிச்சயமாக முடியாது?

இதற்குப் பதில் சொல்ல, உங்கள் குழந்தைகள் எந்த வகை இரட்டை என்று தெரிய வேண்டும். ஆளுக்கொரு நஞ்சு (பிளாசென்டா என்கிற நஞ்சுக்கொடி), ஆளுக்கொரு பனிக்குடம் இருப்பது ஒரு வகை. நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு என்பது இன்னொரு வகை. நஞ்சும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று என்பது மூன்றாவது வகை, அது மிக அபூர்வம்.

முதல் இரண்டு வகைக்கும் சுகப்பிரசவம் பார்க்கலாம். மூன்றாவது வகையில் இரண்டு குழந்தைகளும் ஒரே தண்ணீரில் கிடப்பதால் தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் செய்து எடுத்துவிடுவார்கள்.

வகையைத் தெளிவாகக் கண்டுபிடிக்க ஏற்ற காலம் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். வயிறு பெரிதான பிறகு பார்த்தால் குழப்பம் வரும். ஏழாம் மாதம் எங்களிடம் வருபவர்களில் சிலர், "அந்த ரிப்போர்ட் அம்மா வீட்டில் இருக்கிறது சிஸ்டர்" என்பார்கள். அந்த ஒரு தாளை மட்டும் தொலைக்காதீர்கள், எங்கே போனாலும் கையில் இருக்கட்டும்.

மற்றபடி, முதல் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, கால் அல்லது புட்டம் கீழே இருந்தாலோ பெரும்பாலும் சிசேரியன்தான். முதல் குழந்தை புட்டத்தால் இறங்க, இரண்டாவது குழந்தையின் தலை கீழே இருந்தால், இரண்டு தாடைகளும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் மிகப் பெரிய விபரீதம். நஞ்சு கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தாலும் சுகப்பிரசவம் முடியாது. நஞ்சைப் பகிரும் இரட்டையரில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு, ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போகும் பிரச்சினை வரும். அதைக் கண்காணிக்கத்தான் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். "இத்தனை ஸ்கேன் எதற்கு" என்று தவிர்த்துவிட வேண்டாம்.

முதல் குழந்தைக்குத் தலை கீழே, இரண்டாவது புரண்டு கிடக்கிறது. அப்போதும் முடியுமா?

முடியும். முதல் குழந்தை வெளியே வந்ததும் உள்ளே இடம் கிடைத்துவிடும். இரண்டாவது குழந்தை அப்போது எப்படி வேண்டுமானாலும் திரும்பும். ஒன்பதாம் மாத ஸ்கேனில் தலை மேலே இருந்த குழந்தை பிரசவ மேஜையில் தலை கீழாக வந்ததையும் பார்த்திருக்கிறேன், நேர்மாறாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டாவது குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பதைவிட, அதைக் கையாளத் தெரிந்த மருத்துவர் அன்றைக்கு இருக்கிறாரா என்பதே முக்கியம். ஆனால் இரண்டாவது குழந்தை முதலாவதைவிட மிகவும் பெரிதாக இருந்தால் மருத்துவர் யோசிப்பார்.

ஐவிஎஃப் சிகிச்சையில் உருவான இரட்டை. ரிஸ்க் வேண்டாம், ஆபரேஷனே செய்யலாம் என்கிறார்கள்.

பத்து வருஷம் காத்திருந்து கிடைத்த குழந்தைகள் என்கிற பதற்றம் புரிகிறது. "விலைமதிப்பில்லாத கர்ப்பம்" என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. ஆனால் கரு எப்படி உருவானது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. தாயின் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தைகளின் எடை, தலை இருக்கும் நிலை, இவைதான் கணக்கு. இதையெல்லாம் பேசிப் பார்த்து, தெரிந்தே சிசேரியனைத் தேர்ந்தெடுத்தால் அது உங்கள் உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது.

எத்தனையாவது வாரத்தில் பிரசவம் ஆகும்?

நாற்பது வாரம் வரை காத்திருக்க மாட்டார்கள். நஞ்சு தனித்தனியாக இருந்தால் 37 முதல் 38 வாரத்துக்குள், ஒரே நஞ்சு என்றால் 36 வாரத்தை ஒட்டி. அதுவரை வலி வரவில்லை என்றால் வலி வரவைப்பார்கள். சிக்கல் இருந்தால் தேதி முன்னால் நகரும். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட இரட்டைக் கர்ப்பங்களில் 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடுகிறது. வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த மருத்துவமனைக்குப் போவது?

எல்லாரும் முதலில் கேட்பது "நார்மலா, ஆபரேஷனா" என்றுதான். என்னைக் கேட்டால் முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும். முன்னே சொன்ன 2013 ஆய்வில் நல்ல முடிவு வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு: அவசரம் என்றால் 30 நிமிடத்துக்குள் சிசேரியன் செய்ய முடிகிற மருத்துவமனைகளைத்தான் அதில் சேர்த்தார்கள். இரட்டைப் பிரசவம் பார்த்துப் பழகிய மருத்துவரும் கூட இருந்தார். அந்த வசதி இல்லாத இடத்துக்கு அந்த முடிவு பொருந்தாது.

அதனால் ஆறாம் மாதத்திலேயே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் மயக்க மருத்துவர் கட்டிடத்துக்குள் இருப்பாரா, போன் போட்டு வரவழைப்பீர்களா? ரத்த வங்கி இங்கேயே இருக்கிறதா? குழந்தை மருத்துவர் பிரசவத்தின்போது லேபர் வார்டுக்கு வருவாரா? குறைமாதக் குழந்தை இரண்டு பிறந்தால் இரண்டுக்கும் இடம் உண்டா, ஒன்றை வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? இரட்டைக்குச் சுகப்பிரசவம் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நல்ல செவிலியர்கள் இருக்கிறார்கள், ஒற்றைக் குழந்தைப் பிரசவங்களை அருமையாகப் பார்க்கிறார்கள். இரட்டைக்கு அது இடமில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது 24 மணி நேரமும் அவசரப் பிரசவம் பார்க்கிற சீமாங்க் மையம் உள்ள அரசு மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவார்கள். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். வருவதற்கு 108, வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு 102.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி, 33 வாரம், வலி வந்து 108இல் ஏறி வரும்போது வழியிலேயே முதல் குழந்தை பிறந்துவிட்டது. இரண்டாவது எங்கள் வாசலில் ஸ்ட்ரெச்சரில் பிறந்தது. இரண்டும் பிழைத்தன, வண்டியில் இருந்த அவசரகால உதவியாளரின் கைத்திறமையால். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் இருப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எட்டாம் மாதமே டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிற உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வலி வந்து அட்மிட் ஆனதும் என்ன செய்வார்கள்?

முதலில் ஸ்கேன், முதல் குழந்தையின் தலை இன்னும் கீழேதான் இருக்கிறதா என்று பார்க்க. கையில் தடிமனான ஊசிக்குழாய் ஒன்று போடுவார்கள். ரத்தம் எடுத்து, பொருந்தும் ரத்தத்தைத் தயாராக வைக்கச் சொல்வார்கள். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி இரண்டு இதயத்துடிப்பையும் தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டு கருவியும் ஒரே குழந்தையின் துடிப்பை எடுத்துவிடக் கூடாது என்பதில் நாங்கள் கண்ணும் கருத்துமாக இருப்போம். அடிக்கடி வந்து பெல்ட்டை நகர்த்தினால் எரிச்சல் படாதீர்கள், காரணம் அதுதான்.

முதுகில் ஊசி போட்டு வலி குறைப்பது நல்லதா?

எபிடூரல் கிடைக்கிற இடத்தில் இரட்டைக்கு அது நல்ல யோசனை. வலி குறைவது ஒரு பக்கம். இரண்டாவது குழந்தையை உள்ளே கைவிட்டுத் திருப்பவோ, திடீரென்று சிசேரியன் செய்யவோ வேண்டி வந்தால் மரத்துப்போக வைக்க வழி ஏற்கெனவே தயாராக இருக்கும். எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி இல்லை. அது இல்லாமலும் நூற்றுக்கணக்கானவர்கள் பெற்றிருக்கிறார்கள்.

முதல் குழந்தை பிறந்தபிறகு என்ன நடக்கும்?

இரட்டைப் பிரசவமே இந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் குழந்தை மற்ற எந்தக் குழந்தையையும் போலத்தான் பிறக்கும். அழுகைச் சத்தம் கேட்டதும் வாசலில் நிற்கும் குடும்பம் "ஆச்சு, ஆச்சு" என்று சந்தோஷப்படும். உள்ளே அந்த நேரம் எல்லார் கவனமும் வயிற்றின் மேல்தான் இருக்கும். தொப்புள்கொடியில் கிளிப் போட்டு வெட்டுவார்கள். தாயின் பக்கத்துக் கொடியையும் இறுகக் கட்டிவைப்போம், ஏனென்றால் நஞ்சைப் பகிர்ந்திருந்தால் அதன் வழியே உள்ளே இருக்கும் குழந்தையின் ரத்தம் கசியலாம். ஒற்றைக் குழந்தை பிறந்ததும் தொடையில் போடுகிற ஊசியை இப்போது போடக் கூடாது. போட்டால் கர்ப்பப்பை இறுகி, உள்ளே இருக்கும் குழந்தைக்கு மூச்சுமுட்டும். அந்த ஊசி மருந்தை எடுத்துத் தனி டிரேயில் தள்ளியே வைத்திருப்போம், பழக்கத்தில் கை போய்விடக் கூடாது என்று.

ஒருவர் வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, இரண்டாவது குழந்தை குறுக்கே போய்விடாமல் நேராகப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் ஸ்கேன் கருவியை வைத்துத் தலை எங்கே என்று பார்ப்பார். துடிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு அமைதி வரும். வலி நின்றுவிடும். தாய் பயந்துபோய், "ஏன் சிஸ்டர் வலிக்கவே இல்லை?" என்று கேட்பாள். கர்ப்பப்பை கொஞ்சம் இளைப்பாறுகிறது, அவ்வளவுதான். சில நிமிடத்தில் வலி திரும்பி வரும். வராவிட்டால் டிரிப்ஸில் வலி வரவைக்கும் மருந்து ஏற்றுவார்கள்.

இரண்டாவது பனிக்குடத்தை அவசரப்பட்டு உடைக்க மாட்டார்கள். தலை இடுப்பில் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் உடைப்பார்கள். முன்னாலேயே உடைத்தால் தண்ணீரோடு கொடி வெளியே நழுவிவிடும், அப்புறம் ஒவ்வொரு நொடியும் கணக்கு. குழந்தை குறுக்கே இருந்தால் வயிற்றின் மேலிருந்தே திருப்பிப் பார்ப்பார்கள், அல்லது உள்ளே கைவிட்டுக் காலைப் பிடித்து மெல்ல இறக்குவார்கள். கேட்கப் பயமாக இருக்கும். பழகிய கைக்கு அது ஓரிரு நிமிட வேலை.

பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது குழந்தையும் வந்துவிடும். துடிப்பு நன்றாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பதிலும் தவறில்லை. அந்த நேரத்தில் தாயிடம் நான் சொல்வது: "கண்ணு, ஒண்ணு பொறந்தாச்சு, பாதை திறந்தாச்சு. வலி வர்றப்போ மட்டும் முக்கு, மத்த நேரம் மூச்சை விட்டு ஓய்வெடு."

ஒன்று நார்மல், இன்னொன்று ஆபரேஷன் என்று ஆகுமா?

ஆகலாம். அந்த 25 நாட்டு ஆய்வில், சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு அப்படி ஆனது. கொடி நழுவினாலோ, துடிப்பு குறைந்தாலோ, குழந்தையை இறக்க முடியாவிட்டாலோ வேறு வழியில்லை. இரண்டு வலியையும் சேர்த்து அனுபவிக்க வேண்டியிருக்கிறதே என்று அந்தத் தாய்மார்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். ஆனால் மேஜைக்கும் தியேட்டருக்கும் நடுவே ஒரு கதவுதான் இருக்கிற மருத்துவமனையாக இருந்தால் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் எடுத்துவிடலாம். இடத்தைப் பற்றி மேலே அவ்வளவு எழுதியது இதற்காகத்தான்.

தையல் இரண்டு மடங்கா?

இல்லை. வழி ஒன்றுதான். இரட்டையர் எடை குறைவாக இருப்பதால் பலருக்குத் தையலே தேவைப்படாது.

ரத்தப்போக்கு அதிகமாக இருக்குமா?

வாய்ப்பு அதிகம். இரண்டு குழந்தையைச் சுமந்து விரிந்த கர்ப்பப்பை உடனே சுருங்க மறுக்கும். இரண்டாவது குழந்தை பிறந்தவுடன் முன்பு தள்ளிவைத்த ஊசியைப் போடுவோம், டிரிப்ஸ் ஓடும், அடிவயிற்றைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்போம். அது வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை தேங்காய் போலக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டால்தான் எங்களுக்கு நிம்மதி. ரத்தச்சோகை இருப்பவர்களுக்கு இந்த இழப்பைத் தாங்கும் சக்தி குறைவு. மூன்றாம் மாதம் தாண்டியதிலிருந்து இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடச் சொல்வது இந்த ஒரு மணி நேரத்துக்காக. வார்டுக்கு மாற்றிய பிறகும் துணி சீக்கிரம் நனைந்தால், தலை சுற்றினால், உடனே கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

முன்பு சிசேரியன் ஆனவருக்கு இரட்டை. சுகப்பிரசவம் பார்க்கலாமா?

ஒரே ஒரு சிசேரியன், வெட்டு கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே என்றால் முயலலாம் என்று வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் சில சொல்கின்றன. நம் ஊரில் பெரும்பாலான மருத்துவர்கள் மறுபடி சிசேரியனையே சொல்வார்கள். அதில் நான் மாற்றுக்கருத்துச் சொல்ல மாட்டேன்.

யார் மூத்தவர்?

முதலில் வெளியே வந்தவர்தான். "உள்ளே முதலில் போனது கடைசியில் வரும், அதனால் பின்னால் பிறந்ததுதான் மூத்தது" என்று சில பாட்டிமார் வாதாடுவார்கள். வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் பிறந்த நிமிடத்தோடு முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை என்றுதான் எழுதுவோம். நள்ளிரவை ஒட்டிப் பிறந்தால் இருவரின் பிறந்த தேதியே வேறாகலாம். கையில் கட்டும் பட்டையில் எழுதியிருப்பதை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள்.

குழந்தைகள் எடை குறைவாக இருந்தால்?

2 கிலோ, 2.2 கிலோ என்று பிறப்பது இரட்டையரில் சகஜம். நன்றாகப் பால் குடித்து, உடம்பு சூடாக இருந்தால் தாயோடுதான் வைப்போம். ரொம்பச் சிறிசாக இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போகும். 34 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் என்று தெரிந்தால் நுரையீரல் பலப்பட ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அதைத் தவறவிடக் கூடாது. எடை குறைந்த குழந்தையை வெறும் மார்போடு கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்பு இரட்டைக்கும் பொருந்தும். ஒன்றைத் தாய் வைத்துக்கொள்ள, இன்னொன்றை அப்பாவோ பாட்டியோ மார்பில் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் தாய்ப்பால் போதுமா?

போதும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும், இரண்டு பேர் குடித்தால் இரண்டு பேருக்கு ஊறும். சீம்பாலை இரண்டுக்கும் முதல் மணி நேரத்திலேயே கொடுங்கள். முதல் வாரம் ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் தலையணை வைத்து, குழந்தைகளின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி அக்குளுக்குள் அணைத்து, ஒரே நேரத்தில் கொடுக்கலாம். "பால் பத்தவில்லை" என்று வீட்டில் யாராவது பவுடர் டப்பாவை வாங்கிவரும் முன், ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நான்காம் நாளுக்குப் பிறகு ஆறு முறைக்கு மேல் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

எந்த அறிகுறி வந்தால் உடனே கிளம்ப வேண்டும்?

37 வாரத்துக்கு முன் விட்டுவிட்டு வலி, தண்ணீர் உடைவது, ரத்தம் படுவது, குழந்தைகளின் அசைவு குறைவது. விடாத தலைவலி, கண் மங்குவது, முகம் வீங்குவது, மேல்வயிற்று வலி ஆகியவை ரத்த அழுத்தத்தின் அடையாளம், இரட்டைக் கர்ப்பத்தில் அது அதிகம். உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு வந்தாலும் காட்டுங்கள்.

கூட யார் வரலாம், என்ன எடுத்துவர வேண்டும்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் துணை ஒருவர் கூட இருக்கலாம். ஏற்கெனவே பிள்ளை பெற்ற, பதற்றப்படாத அக்காவோ அத்தையோ வந்தால் நல்லது. இரட்டைக்கு வாசலில் இன்னும் இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் ரத்த வங்கிக்கு ஓட, ஒருவர் பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் நிற்க. பையில் பழைய பருத்தித் துணி, தொப்பி, காலுறை, போர்வை எல்லாம் இரண்டிரண்டு. எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில், அதில் மேலே அந்த மூன்றாம் மாத ஸ்கேன். இரண்டு செட் துணியும் இரண்டு நிறமாக இருந்தால் எங்களுக்கு ரொம்ப உதவி.